சேனாபதியின் உண்ணாவிரதம்

சேனாபதி மோட்டார் சைக்கிள் காலமான செய்தி மன்னார்குடிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. இங்கிலீஷ் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், மாட்டுத்தீவன விளம்பரத்துக்குக் கீழே, கம்பெனி சுருக்கமாகச் சொல்லியிருந்தது. சேனாபதி வண்டிகளின் உற்பத்தி இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது. அதற்குப் பதிலாகச் சத்தமில்லாத, எடை குறைந்த, பெட்ரோல் கொஞ்சமாகக் குடிக்கிற புது வண்டி வெளிவரும். வாடிக்கையாளர்களின் நீண்டகால ஆதரவுக்கு நன்றி.

பத்து மணிக்கெல்லாம் சங்கக் கட்டடத்தில் கறுப்புக்கொடி ஏறிவிட்டது.

சங்கம் என்றால் தஞ்சை ஜில்லா சேனாபதி மோட்டார் சைக்கிள் உரிமையாளர் உரிமைப் பாதுகாப்புச் சங்கம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். மிச்சப் பெயர் பக்கத்துச் சோடாக் கடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தலைவர் நெய்க்குறிச்சி மிராசுதார் பஞ்சநாதன். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அவருடைய நிலம், இறந்துபோன சித்தப்பா முதல் இனிமேல் பிறக்கப்போகும் பேரன் வரை பலபேர் பெயரில் சட்டப்படி சிதறிக் கிடந்தது. செயலாளர் சாரங்கபாணி மேடைப் பேச்சாளர். ஆட்சி மாறும்போதெல்லாம் தோள் துண்டின் கரையை மட்டும் மாற்றிக்கொள்வார். பேச்சை மாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்பட்டதில்லை.

மாலையில் இரங்கல் கூட்டம். சாரங்கபாணி மௌன அஞ்சலி அறிவித்தார். உறுப்பினர்கள் எழுந்து தலைகுனிந்தார்கள். வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளின் இன்ஜின்களும் மரியாதைக்காக நிறுத்தப்பட்டன. ஒன்று மட்டும் டுப், டுப், டுப் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"யாருய்யா அது, துக்கம் தெரியாத வண்டி?"

கதவோரத்தில் நின்ற ஒருவன் கும்பிட்டான். "என்னுதுங்க. நிறுத்தினா திரும்பக் கெளம்பாதுங்க. காயில் போயிருச்சு."

பஞ்சநாதன் மௌனத்தைக் கலைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "காயாரோகணம் மவன் அய்யாவுதானடா நீ?"

"ஆமாங்க."

இருவருக்கும் நல்ல பழக்கம். மூன்று வருஷமாகக் குத்தகை வழக்கில் எதிரெதிரே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

வழக்கு இதுதான். நெய்க்குறிச்சியில் ஏழு மா நிலத்தை அய்யாவுவின் அப்பா காயாரோகணம் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, கிராமத்திலேயே துணிந்து தன் பெயரைப் பதிந்தவர் அவர் ஒருவர்தான். பஞ்சநாதன் உடனே மனுப் போட்டார். 'மேற்படி காயாரோகணம் யானைக்கால் வியாதியால் நடமாட முடியாதவராகி, இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவும் இயலாமல், நிலத்தைக் கைவிட்டுவிட்டார்.'

காயாரோகணத்துக்கு யானைக்கால் இருந்தது உண்மை. அந்தக் காலோடு அவர் சேற்றில் இறங்கி நாற்று விட்டதும் உண்மை. விசாரணை அதிகாரி இரண்டு பக்கமும் கேட்டுக் களைத்துப்போய்க் கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார்: அடுத்த வாய்தாவில் காயாரோகணம் நேரில் வந்து என் முன்னால் நிற்க வேண்டும். வந்தால் நிலம் அவரிடம் இருக்கும். வராவிட்டால் மனுவில் எழுதியிருப்பது சரி என்று முடிவாகும்.

இதற்காகத்தான் அய்யாவு வண்டி வாங்கினான். பஸ் நிற்கிற இடம் வெகுதூரம். வந்தாலும் அந்தக் காலைப் படிமேல் தூக்கி வைக்க அப்பாவால் ஆகாது. மாட்டு வண்டி வைத்திருந்த எல்லோரும் பண்ணையை அண்டிப் பிழைக்கிறவர்கள். செவ்வந்தியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதை வைத்து, மன்னார்குடியில் ஒரு அரிசி வியாபாரி தள்ளிவிட்ட பழைய சேனாபதியை அய்யாவு ஓட்டிக்கொண்டு வந்தான். செவ்வந்தி அவன் மனைவி. வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் காசுல எருமை வாங்குவீங்கன்னு பார்த்தேன். வாங்கிட்டீங்க. பால்தான் கறக்காது" என்றாள்.

முதல்நாளே ஒரு சங்கடம் வந்தது. நெய்க்குறிச்சியில் அதுவரை பஞ்சநாதனிடம் மட்டும்தான் சேனாபதி இருந்தது. வாய்க்கால் கரையில் அந்தச் சத்தம் கேட்டால் நடந்துகொண்டிருப்பவர்கள் வயலில் இறங்கி நிற்பார்கள். வயலில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிவார்கள். யார் வருகிறார் என்று ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதுதான் வழக்கம். அய்யாவு அப்பாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கரையில் வந்தபோதும் வரிசையாக எல்லோரும் இறங்கினார்கள். சொந்தப் பெரியப்பா இடுப்பளவு சேற்றில் இறங்கித் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நாந்தான்டா, காயாரோகணம். ஏறுங்கடா மேல" என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார். நிமிர்ந்து பார்த்த பெரியப்பா வீடு வரைக்கும் வந்து திட்டிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அன்றைக்கு ராத்திரி வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு அதிகம் இறங்கியது.

இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற அந்தக் காயில் விஷயத்துக்கு வருவோம். மன்னார்குடியில் சேனாபதி பழுது பார்க்கிறவர் இப்ராஹிம். வண்டியைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இந்தக் காயில் காலையில வேலை செய்யும். சூடேறினா படுத்துக்கும். அரசாங்க ஆபீஸ் மாதிரி."

"புதுசு போட்டுக் குடுங்க பாய்."

"எங்க போவேன்? கம்பெனி கடையைச் சாத்திட்டான். இனிமே வர்ற ஒரே பொட்டி சங்கத்துக்குத்தான் வருமாம். அங்க போய் உறுப்பினராச் சேரு."

அதனால்தான் அய்யாவு இரங்கல் கூட்டத்துக்கு வந்து கதவோரம் நின்றான்.

மௌனம் முடிந்ததும் சாரங்கபாணி தலைவரைத் தனியே அழைத்துப் போனார். "அண்ணே, நாம மந்திரிகிட்ட மனுக் கொடுத்தா முதல்ல என்ன கேப்பாரு? இது மிராசுதார் சங்கமான்னு கேப்பாரு. வெளிய செவரு பூரா 'உழுபவனுக்கே நிலம்'னு எழுதிவச்சிருக்கான். நமக்கு ஒரு பாட்டாளி வேணும். அந்தப் பாட்டாளிகிட்ட ஒரு சேனாபதியும் இருக்கணும். இந்த ஜில்லாவுல இவன் ஒருத்தன்தான் தேறுவான்."

இருவரும் திரும்பி வந்தபோது அய்யாவு சங்கத்தின் துணைத் தலைவராகியிருந்தான். மேடையில் தலைவருக்கு நாற்காலி, செயலாளருக்கு நாற்காலி, துணைத் தலைவருக்கு முக்காலி போடப்பட்டது. பஞ்சநாதன் முன்னால் அய்யாவு உட்காருவது பிறந்ததிலிருந்து அதுதான் முதல்தடவை. பாதி உட்கார்ந்தான். மீதி உடம்பைக் காலில் தாங்கிக்கொண்டான்.

"காயில் கெடைக்குங்களா?" என்று கேட்டான்.

"துணைத் தலைவருக்கு இல்லாத காயிலா?" என்றார் சாரங்கபாணி. கூட்டம் கைதட்டியது.

அன்று வீட்டில் செவ்வந்தி கும்பாவை எதிரே வைத்தாள். "துணைத் தலைவருக்குப் பழையது ஆகுமா? இல்ல, தீர்மானம் போட்டுட்டுத்தான் திம்பீங்களா?"

அடுத்த வாரம் தூதுக்குழு ஒன்று சென்னைக்குப் போய் வந்தது. கம்பெனி மேனேஜர் அவர்களுக்குக் காப்பி கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தார். பெட்டியில் புது வண்டியின் வண்ண விளம்பரங்கள் நிறைய இருந்தன. அடியில், வைக்கோலுக்கு நடுவே, ஒரே ஒரு காயில் இருந்தது.

அய்யாவு அதைப் பார்த்தான். கையை நீட்டினான்.

"தொடாதீங்க" என்றார் சாரங்கபாணி. "இது இனிமே உதிரிப்பாகம் இல்ல, துணைத் தலைவரே. நினைவுச் சின்னம்."

காயில் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. கீழே பட்டுத்துணி, மேலே மாலை, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. பகுத்தறிவுக்குப் பங்கம் வராமலிருக்க விளக்கு ஏற்றப்படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டினார்கள்.

அதற்கடுத்த கூட்டத்தில்தான் போராட்டம் முடிவாகியது. முதலில் தலைவர் பேசினார்.

"நிலத்தை எடுப்போம் என்றார்கள். பொறுத்துக்கொண்டோம். குத்தகையைப் பதியச் சொன்னார்கள். பதிந்தோம், நம் வீட்டார் பெயரிலேயே பதிந்தோம். இப்போது சத்தத்தையும் எடுக்கிறார்கள். சத்தம் சாதாரணமானதா? நான் வாசலில் வண்டியை உதைத்தால் என் கடைசி வரப்பு வரைக்கும் கேட்கும். உட்கார்ந்திருப்பவன் எழுந்திருப்பான். பேசிக்கொண்டிருப்பவள் குனிவாள். கரையில் நடக்கிறவன் இறங்குவான். நான் இன்றுவரை யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தேவைப்படவில்லை. இனி வரப்போகிற வண்டி கொசு மாதிரி வரும். நான் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் எவனுக்கும் தெரியாது. நான் வந்தது தெரியாமல் ஒரு ஏழை நிமிர்ந்தே நின்றுவிட்டால் அது அவன் குற்றமா? கம்பெனியின் குற்றம். பாவப்பட்ட மக்களை இப்படித் தெரியாமல் தப்புச் செய்ய வைக்கலாமா? ஆகவே இது நமக்கான போராட்டம் அல்ல. அவர்களுக்கான போராட்டம்."

சொல்லிவிட்டு அவர் முக்காலியைச் சுட்டிக் காட்டினார். எல்லோரும் அய்யாவுவைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

பிறகு சாரங்கபாணி எழுந்தார். "உண்ணாவிரதம் என்றால் மனிதன் பட்டினி கிடப்பான். இங்கே பாதிக்கப்பட்டது யார்? மனிதனா? இல்லை. வண்டி. அப்படியானால் பட்டினி கிடக்க வேண்டியது யார்? வரும் வெள்ளிக்கிழமை சூரிய உதயம் முதல் மாலை வரை, தாலுகாவிலுள்ள ஒரு சேனாபதியின் டேங்கிலும் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கக்கூடாது. வண்டிகள் வயிற்றைக் காயப்போட்டு அறப்போர் செய்யும். நாம் அன்று முழுவதும் அவற்றுக்கு ஆதரவாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்."

அய்யாவு முக்காலியை விட்டு எழுந்தான். "அய்யா, வெள்ளிக்கிழமை எங்கப்பாவுக்கு வாய்தா. நேர்ல வந்து நிக்கணும்னு அதிகாரி சொல்லியிருக்காரு. வண்டி இல்லன்னா கூட்டிட்டுப் போக முடியாதுங்க."

"எனக்கும்தான் அன்னைக்கு வாய்தா" என்றார் பஞ்சநாதன். "அதே வாய்தா. நான் வாயத் தொறந்தனா? சங்கம் வேற, கோர்ட்டு வேற. நான் ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறதில்ல."

"நீங்க கார்ல வந்துருவீங்க."

"கார் நம்ம சங்கத்துல உறுப்பினரா?"

சாரங்கபாணி யோசித்துப் பார்த்து, கார் உறுப்பினர் இல்லை என்று உறுதிப்படுத்தினார்.

"நாளையாவது மாத்தி வைங்க."

"எப்பிடிப்பா? போஸ்டர் போன வாரமே ஒட்டியாச்சே."

தீர்மானம், துணைத் தலைவர் உட்பட அனைவராலும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது.

அய்யாவு வேறு வழி பார்த்தான். திங்கட்கிழமை, மாட்டு வண்டி வைத்திருந்த செல்லதுரையிடம் போனான்.

"வெள்ளிக்கிழமை என் மாட்டுக்குக் காய்ச்சல், அய்யாவு."

"இன்னைக்குத் திங்கள்தானண்ணே?"

"வெள்ளிக்கிழமை வரும்னு பண்ணையில சொல்லியிருக்காங்க" என்றார் செல்லதுரை. அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. மாடு நன்றாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அப்பாவைப் பின்னாடி ஒக்காரவச்சுக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள் செவ்வந்தி. "முக்காலியா நமக்கு வெளையுது? ஏழு மாதான் வெளையுது."

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். அப்பா சலவை வேட்டி கட்டி, காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். காலைக் குளிரில் காயில் நன்றாகவே வேலை செய்தது. கரையில் நடந்தவர்கள் இறங்கினார்கள். "நாந்தான்டா" என்று சொல்லிக்கொண்டே அப்பா வந்தார். "இன்னைக்கு அதிகாரி முன்னாடி நின்னு காட்டிட்டு வந்துர்றேன். காலை ஒதறியும் காட்டுறேன்."

பாமணி ஆற்றுப் பாலத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். குறுக்கே கயிறு. கயிற்றுக்குப் பின்னால் சாரங்கபாணி இட்லி சாப்பிட்டுக்கொண்டு ஆதரவு தெரிவித்துக்கொண்டிருந்தார்.

"துணைத் தலைவர் அவர்களே, வரலாறு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது."

"அது பாக்கட்டும்ங்க. எங்கப்பாவை வழிய விடுங்க."

"துணைத் தலைவரே உண்ணாவிரதத்தை முறிச்சா ஊர் சிரிக்காதா? தம்பிங்களா, எடுங்கப்பா."

தொண்டர்கள் அகிம்சை முறையில் வந்தார்கள். இரண்டு பேர் அய்யாவுவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் டேங்கில் ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சி, பெட்ரோலை ஒரு டப்பாவில் இறக்கினான். மாலையில் திருப்பித் தரப்படும் என்றார்கள். அந்த டப்பா ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புக்குள் போயிற்று. ஜீப்பும் சங்கத்தில் உறுப்பினர் இல்லை.

அப்பா பின்சீட்டிலிருந்து குனிந்து கேட்டார். "ஏன் தம்பி, வண்டிக்கு வவுறு பசிக்குமா?"

"பசிக்கும் பெரியவரே. வெளிய சொல்லாது."

"நம்ம சாதி போலருக்கு" என்றார் அப்பா.

அய்யாவு வண்டியைத் தள்ள ஆரம்பித்தான். ஊர் இன்னும் தூரம் இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் பாலத்தைத் தாண்டியதும் ஊர்வலம் தொடங்கிவிட்டது. சாலை முழுக்கச் சேனாபதிகள். பட்டினி கிடக்கிற வண்டியை ஓட்ட முடியாதாகையால், உரிமையாளர்கள் மேலே உட்கார்ந்திருக்க, பண்ணையாட்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். பஸ்கள் இரண்டு பக்கமும் நின்றுபோயின. முந்த வழியில்லை. தன் வண்டியைத் தானே தள்ளிய உரிமையாளர் அய்யாவு ஒருவன்தான். ஒரு பத்திரிகைக்காரர் ஓடி வந்து, 'தந்தையோடு தள்ளிவரும் தொண்டன்' என்று படம் எடுத்தார். அய்யாவுவின் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. அப்பாவின் கழுத்தில் ஒன்று விழுந்தது. வண்டி விளக்குக்கு ஒன்று.

"ஒத்துங்கய்யா, கோர்ட்டுக்குப் போவணும்" என்று அய்யாவு கத்தினான்.

"ஒத்துங்கய்யா, கோர்ட்டுக்குப் போவணும்" என்று பின்னாலிருந்தவர்களும் கோஷமாகச் சேர்ந்து சொன்னார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் ஊர்வலம் தெப்பக்குளத்தைச் சுற்றத் திரும்பியது. மன்னார்குடிக் குளத்தைச் சுற்றுவது என்றால் சின்ன வேலையில்லை. அய்யாவு சந்துக்குள் வண்டியைத் திருப்பப் பார்த்தான். ஒரு தொண்டர் மடக்கினார்.

"வலமாத்தான் போகணும் தோழர்."

"எங்கப்பா கேஸு போயிரும்யா."

"எல்லாருக்கும் ஒரு கேஸு இருக்கு தோழர். கட்டுப்பாடு முக்கியம்."

குளத்தின் நான்கு மூலையிலும் நின்று நான்கு பேர் பேசினார்கள். வெயில் ஏறியது. அப்பாவின் காலில் சுற்றிய துணி நனைந்திருந்தது.

விசாரணை ஆபீஸுக்கு நேர் எதிரேதான் மேடை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் தலைவர். கோர்ட்டு வேலை முடிந்ததும் நடந்தே மேடைக்கு வந்துவிடலாம் என்ற எளிமைதான் காரணம். ஊர்வலம் அங்கே போய் நின்றபோது அய்யாவுக்கும் ஆபீஸ் வாசலுக்கும் நடுவே ஒரு தெரு அகலம்தான் இருந்தது. அந்தத் தெருவில் ஆள்மேல் ஆள் நின்றார்கள். மேடையில் சாரங்கபாணி சேனாபதியின் சத்தத்தைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி கட்டியிருந்தது.

வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற டவாலி வாசலுக்கு வந்து நின்றார். கையை வாயோரம் குவித்தார். அவர் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

"என்னத்தடா சொல்றாரு?" என்றார் அப்பா.

"...இடியைப் போன்ற சத்தம், பெருமக்களே, எட்டு ஊருக்குக் கேட்ட சத்தம்..." என்றது மரம்.

டவாலியின் வாய் மறுபடி அசைந்தது. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மாலையைக் கழற்றி ஆட்டினார். "இருக்கேங்க. இந்தா இருக்கேங்க." அய்யாவு வண்டியைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கப் பார்த்தான். பாரம் தாங்காமல் இரண்டு பேரும் வண்டியோடு சாய்ந்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் தாங்கிப் பிடித்து, உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்று அன்போடு சொல்லி, அப்பாவை மறுபடி பின்சீட்டிலேயே உட்காரவைத்தார்கள்.

டவாலி மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

அய்யாவு கூட்டத்தில் முண்டியடித்து ஆபீஸுக்குள் நுழைந்தபோது குமாஸ்தா காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டாச்சுப்பா. ஆள் வரல. ஒருதலையா முடிஞ்சுபோச்சு."

"வெளியதாங்க இருந்தோம். தெருவுல."

"தெருவுல இருந்தா ஆஜர் ஆகாது."

"எங்கப்பாவை இப்பத் தூக்கிட்டு வரேங்க."

"அதிகாரி எந்திரிச்சுப் போயிட்டாரு. தஞ்சாவூர்ல மேல்மனுப் போடு. அதுவரைக்கும் நிலம் அவங்ககிட்ட இருக்கும்."

உள்ளறையிலிருந்து பஞ்சநாதன் வக்கீலோடு வந்தார். அய்யாவுவைப் பார்த்து நின்றார். "ஏண்டா, நேரத்தோட வரக்கூடாது?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். பிறகு தெருவைக் கடந்து மேடைக்குப் போனார். அவருக்குக் கூட்டம் வழிவிட்டது.

மாலையில் உண்ணாவிரதம் முடித்துவைக்கப்பட்டது. தலைவரின் சேனாபதியை லாரியில் கொண்டுவந்து மேடையில் ஏற்றினார்கள். கண்ணாடிப் பெட்டி திறக்கப்பட்டது. நினைவுச் சின்னத்தை உயிருள்ள நினைவுச் சின்னமாக்க வேண்டும் என்று அவசரத் தீர்மானம் ஒன்று படிக்கப்பட்டு, காயிலை இப்ராஹிம் தலைவரின் வண்டியில் பொருத்தினார். பொருத்தும்போது அவர் அய்யாவுவைப் பார்க்கவில்லை. ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் தலைவர் வண்டியின் டேங்கை நிறைத்தார். துணைத் தலைவர் வண்டிக்கு எவர்சில்வர் டம்ளரில் ஒரு டம்ளர்.

"காலையில எடுத்தது?" என்று அய்யாவு கேட்டான்.

"அது தியாகமாயிருச்சு" என்றார் சாரங்கபாணி.

டம்ளர் பெட்ரோல் பாலம் தாண்டி, நெய்க்குறிச்சி வாய்க்கால் கரையில் பாதி தூரம் வரை வந்தது. அங்கே வண்டி நின்றுவிட்டது. அய்யாவு இறங்கித் தள்ளினான். ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், மறுபக்கம் குறுவைக்கு உழுது சேறடித்த வயல். வேலை முடிந்து கரையேறிய ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். மாமனாரைத் தேடி வந்த செவ்வந்தியும் அவர்களோடு இருந்தாள். முகங்களைப் பார்த்தே விஷயம் தெரிந்துகொண்டாள்.

பின்னால் சத்தம் கேட்டது. டுப், டுப், டுப். புதுக் காயில், தங்குதடையில்லாமல் அடித்தது.

ஆட்கள் வரிசையாக வயலில் இறங்கிக் குனிந்து நின்றார்கள்.

பஞ்சநாதன் வெற்றி மாலையோடு வந்து, அய்யாவுவின் வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார். ஹாரன் அடித்தார்.

"ஓரங்கட்டுடா."

"எடம் இல்லைங்க."

"அப்பனை எறக்கிட்டு வண்டிய வயல்ல தள்ளு."

அய்யாவு அப்பாவைப் பார்த்தான். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்கு முதல் ஆளாக இறங்கியவர் அவர். சேற்றைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பஞ்சநாதனைப் பார்த்தார்.

"எனக்குக் கால் வராதுங்க."

"என்னது?"

"நடமாட முடியாதவன். இருந்த எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டான். நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? அதுதான் சரின்னு இன்னைக்கு முடிவும் ஆயிருச்சு. அதிகாரி முடிவ மீறி நான் எப்பிடிங்க எறங்குறது?"

"காலையில மன்னார்குடி வரைக்கும் வந்தியேடா?"

"வரலீங்களே. மூணு தடவை கூப்பிட்டும் ஆள் இல்லன்னு பதிஞ்சிருக்கு."

பஞ்சநாதன் மறுபடி ஹாரன் அடித்தார். அவருக்கு ஆட்களிடம் வாதாடிப் பழக்கம் இல்லை. இதுவரை எல்லாவற்றையும் வண்டிதான் பேசியது. வயலில் நின்ற ஆட்களைப் பார்த்துக் கத்தினார், இந்தக் கிழவனைத் தூக்கி இறக்கச் சொல்லித்தான் இருக்கும். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

கடைசியில் அவரே ஆட்களிடம் போக வேண்டியதாயிற்று. இன்ஜினை அணைக்காமல் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு வயலில் இறங்கினார். இரண்டாவது எட்டில் முழங்கால் வரை போய்விட்டது. ஒரு காலைப் பிடுங்க மறுகால் புதைந்தது. கரைமேல் சேனாபதி ஆளில்லாமல் டுப், டுப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஆட்கள் தலை நிமிராமல் நின்றார்கள்.

"வண்டியில ஆள் இல்லடி" என்றாள் செவ்வந்தி. "யாருக்குக் குனிஞ்சு நிக்கிறீங்க?"

ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளை இடித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவரைத் தூக்கிவிடவும் போகவில்லை.

அடுத்த கூட்டத்தில் சங்கம், வாய்க்கால் கரைகள் குறுகலாக இருப்பதை வன்மையாகக் கண்டித்தது. நெய்க்குறிச்சிக் கரையை அகலப்படுத்த உத்தரவும் வந்தது. அகலத்துக்கு வேண்டிய மண்ணும் இடமும் பக்கத்திலிருந்த ஏழு மாவிலிருந்து எடுக்கப்பட்டன. முதல் மண்வெட்டியைத் துணைத் தலைவர் போட வேண்டும் என்று அச்சடித்த அழைப்பில் இருந்தது. அய்யாவு போட்டான். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தினக்கூலி அவனுக்கும் கொடுக்கப்பட்டது. மீதி நிலத்தில் பண்ணையாட்கள் நட்டார்கள். செவ்வந்தி அதே நிலத்தில் நடவுக்குப் போனாள்.

சேனாபதி அய்யாவு வீட்டு வாசலில் நிற்கிறது. நல்ல காயில் இல்லை, பெட்ரோல் இல்லை. பொழுது விடிந்தால் அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து அதன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். கரையில் சத்தம் கேட்கும்போது அந்தப் பக்கம் திரும்பி யார் என்று பார்க்கிறார். சாப்பிட இறங்கி வரச் சொன்னால், "கோர்ட்டு சொல்லட்டும்" என்கிறார்.